காகித உறையின் அருமை



நம் மரபணுவில் சில இடங்களில் ஒரே எழுத்துக்கோவை திரும்பத் திரும்ப வரும். எத்தனை முறை வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். இப்படி 20 இடங்களை எண்ணிப் பார்த்தால், ஒத்த இரட்டையரைத் தவிர வேறு இருவருக்கு அத்தனையும் பொருந்துவது அரிதினும் அரிது. 1984இல் இங்கிலாந்தின் அலெக் ஜெஃப்ரிஸ், ஆளை அடையாளம் காட்டும் மரபணு ரேகையைக் கண்டறிந்தார். நம் நாட்டில் ஹைதராபாத் சி.சி.எம்.பி. ஆய்வகத்தில் லால்ஜி சிங் அதை வளர்த்தெடுத்தார்.

குற்றத் தடயங்களில் இந்த ரேகையைத் தேடும் தடய அறிவியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த எனக்கோ, இந்த வேலையில் மிகவும் பிடித்த பொருள் காகித உறைதான். காரணம் சொல்கிறேன், கேளுங்கள்.

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்து ஓரம் கிடந்த சட்டை எங்களிடம் வந்தது. பனிமூட்டத்தில் நனைந்த துணியை அப்படியே பாலித்தீன் பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்திருந்தார்கள். பிரித்ததும் குப்பென்று வாடை. பையின் உட்புறம் முத்து முத்தாக நீர். இரத்தக் கறை இருந்த இடத்தில் சாம்பல் நிறப் பூஞ்சணம். ஈரத்தில் பெருகும் கிருமிகள் மரபணுவைச் சிதைத்துவிடும். அந்தச் சட்டையிலிருந்து எங்களுக்கு எதுவும் கிடைக்கவில்லை. நிழலில் காற்றாட உலர்த்திக் காகித உறையில் போட்டிருந்தால் ஒருவேளை கிடைத்திருக்கும். ஏற்காடு மாதிரி ஈரம் நிறைந்த ஊரில் இதை இரட்டிப்புக் கவனத்தோடு செய்ய வேண்டும்.

உலர்த்தினால் மட்டும் போதுமா? யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது என்ற கணக்கும் வேண்டும். 2011இல் தேனி மாவட்டம் சுருளி அருவிப் பக்கம் ஓர் இளம் ஜோடி கொல்லப்பட்ட வழக்கை எடுத்துக்கொள்ளுங்கள். தூக்குத் தண்டனை பெற்றவரை 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம் விடுதலை செய்தது. மரபணு மாதிரிகளைக் கையாண்டதில் இருந்த குளறுபடியும் தாமதமும் அதற்கு முக்கியக் காரணங்கள். மாதிரி 48 மணி நேரத்துக்குள் ஆய்வகம் சேர வேண்டும், கைமாறும் ஒவ்வொரு முறையும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்று நாடு முழுமைக்கும் அதே தீர்ப்பில் நீதிமன்றம் உத்தரவிட்டது. இரண்டு உயிர்கள் போயும் குற்றவாளி யாரென்று நிலைநாட்ட முடியவில்லையே, அது பெரிய வேதனை.

குற்றம் நடந்த இடத்தைக் கண்டால் எதையும் தொடாதீர்கள், கழுவாதீர்கள். உடனே காவல் நிலையத்துக்குச் சொல்லுங்கள். ஏற்காட்டிலிருந்து மலையடிவாரம் வரை உள்ள 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் மாதிரி பத்திரமாக இறங்கி வரட்டும். குற்றமற்றவர் ஒருவர்கூடச் சிறையில் வாடாதிருக்கட்டும்.