பழைய மில்லிங் இயந்திரமும் பதினான்கு கோடுகளும்

(தாம்பரம் பகுதி ஆசிரியர்களின் பயிற்சி நாளில் தொழிற்கல்வி ஆசிரியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மேல்நிலை வகுப்புகளுக்கு அடிப்படை இயந்திரவியல் நடத்துகிறவன் நான். தொடக்கப்பள்ளி ஆசிரியர்களும் வந்திருக்கிறீர்கள். இந்தப் பேச்சுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் முகத்தில் தெரிகிறது. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், பெருக்கல் வரும்போது உங்கள் பக்கம் வந்துவிடுவேன்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பதினோரு ஆண்டுகள் நான் மில்லிங் இயந்திரத்தைக் கரும்பலகையில் வரைந்தே நடத்தினேன். லேத்தில் வேலைப்பொருள் சுழலும், வெட்டுளி நகரும். மில்லிங்கில் வெட்டும் கருவி சுழலும், பொருள் மேசையோடு நகரும். இதைச் சொல்லி, தூண், மேசை, சேடில், 'நீ' என்று பாகங்களைக் குறிப்பேன். 'நீ' என்றதும் ஒவ்வோர் ஆண்டும் வகுப்பு சிரிக்கும். ஒருமுறை சிரிப்பு அடங்கிய பிறகு ஒரு பையன் கேட்டான்: "சார், நீங்க இதை ஓட்டியிருக்கீங்களா?" பாலிடெக்னிக்கில் இரண்டு முறை, பக்கத்தில் பயிற்றுநர் நிற்க, கைப்பிடியைச் சுற்றியிருக்கிறேன். அதை ஓட்டியது என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது.

நம் மாநிலத்தில் மேல்நிலைக் கல்வி 1978இல் வந்தபோதே தொழிற்கல்விப் பிரிவும் வந்தது. அந்தப் பிரிவில் படிக்கும் பிள்ளை இயந்திரத்தைத் தொடாமலே தேர்வு எழுதிப் போவது எனக்கு உறுத்தியது. ராஜகீழ்ப்பாக்கத்தில் எங்கள் வீட்டோடு சேர்ந்த ஷெட்டில் ஒரு பழைய சிறிய மில்லிங் இயந்திரத்தை வாங்கிப் போட முடிவு செய்தேன். கிண்டி, அம்பத்தூர், திருமுடிவாக்கம் என்று தொழிற்பேட்டைகளில் விசாரித்தேன். கணினியால் ஓடும் இயந்திரங்களுக்கு மாறிய பட்டறைகள் கையால் ஓட்டும் பழையவற்றை விற்றுவிடுகின்றன. ஒரு தரகர் மூலம் 75,000 ரூபாய்க்கு ஒன்று கிடைத்தது. ஏறத்தாழ 400 கிலோ. பச்சைப் பெயின்ட் பளபளவென்று இருந்தது. நான் அந்தப் பெயின்ட்டைத்தான் வாங்கினேன் என்பது பிறகுதான் தெரிந்தது.

ஒரு மாதம் கழித்து, ஓர் இரும்புத் துண்டின் பக்கவாட்டைச் செதுக்கிக்கொண்டிருந்தேன். வழக்கமாக, கருவி சுழலும் திசைக்கு எதிராகப் பொருளை ஊட்ட வேண்டும். இதற்கு அப் மில்லிங் என்று பெயர். சுழலும் திசையிலேயே ஊட்டினால் டவுன் மில்லிங். இதில் பரப்பு வழவழப்பாக வரும் என்று புத்தகத்தில் படித்ததை நம்பி அப்படி ஊட்டினேன். 'டக்' என்று ஒரு சத்தம். மேசை தானாக முன்னால் பாய்ந்தது. எண்ட் மில் உடைந்து, ஒரு துண்டு ஷெட்டின் பிளைவுட் கதவில் போய்ச் செருகிக்கொண்டது. என் நெஞ்சு உயரத்தில்.

அன்று நான் தனியாக இருந்தேன். அடுத்த சனிக்கிழமை நான்கு பிள்ளைகள் வருவதாக இருந்தது. தலைமையாசிரியரிடம் அனுமதி, பெற்றோரிடம் கடிதம் எல்லாம் வாங்கியிருந்தேன். வர வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.

காரணம் பேக்லாஷ். மேசையை நகர்த்துவது ஒரு நீளமான திருகும் அதைப் பற்றியிருக்கும் நட்டும். இரண்டும் தேய்ந்தால் நடுவே இடைவெளி விழும். அப் மில்லிங்கில் கருவி மேசையைத் தள்ளிக்கொண்டே இருப்பதால் இடைவெளி ஒரு பக்கமாக அடைபட்டு நிற்கும். டவுன் மில்லிங்கில் கருவி மேசையை இழுக்கிறது. இடைவெளி எவ்வளவோ அவ்வளவு தூரம் மேசை திடீரென்று பாயும்.

ஒன்பதாம் வகுப்பில் திருகு அளவி நடத்துகிறோமே, அதே கணக்குத்தான் இது. என் இயந்திரத்தின் திருகில் புரியிடைத் தூரம் 5 மி.மீ. கைப்பிடி வளையத்தில் 100 கோடுகள். ஒரு கோடு 0.05 மி.மீ. காந்த அடிப்பாகம் உள்ள தாங்கியில் டயல் கேஜைப் பொருத்தித் தூணில் ஒட்டி, அதன் முனை மேசையைத் தொடும்படி வைத்தேன். கைப்பிடியை ஒரு பக்கம் சுற்றி, முள் நகர ஆரம்பித்ததும் நிறுத்தி, வளையத்தைச் சுழியில் வைத்துக்கொண்டேன். பிறகு எதிர்ப்பக்கம் சுற்றினேன். பதினான்கு கோடுகள் வரை முள் அசையவே இல்லை. 14 × 0.05. தொடக்கப்பள்ளி ஆசிரியர்களே, இதில் உள்ள 14 × 5 உங்கள் வகுப்புக் கணக்கு. 0.70 மி.மீ. ஒரு மில்லிமீட்டரில் முக்கால் பங்குக்குச் சற்றுக் குறைவு. கதவில் செருகிய துண்டைப் பார்த்தபோது அது சின்ன எண்ணாகத் தெரியவில்லை.

ஒரு லேத் பட்டறையில் கன்மெட்டலில் புது நட்டு செய்து மாட்டினேன். நடுவில் 8 கோடுகளாகக் குறைந்தது. இன்னும் ஏன் 8 என்று புரியவில்லை. மூன்று வாரம் கழித்துப் பிள்ளைகளை வரச்சொல்லி, இயந்திரத்தை இயக்காமல் அளவு மட்டும் எடுக்க வைத்தேன். மேசையை 50 மி.மீ.க்கு ஒருமுறை நிறுத்தி, ஒவ்வோர் இடத்திலும் எத்தனை கோடு என்று எழுதினார்கள். இரு ஓரங்களிலும் 3. நடுவில் 8. ஒரு மாணவி அதை வரைபடத்தாளில் குறித்தாள். நடுவில் மேடு போல எழும்பியது. அவள் சொன்னாள்: "நட்டு எல்லா இடத்துக்கும் ஒண்ணுதானே சார்? அப்ப மாறுறது திருகுதான். நடுவுல தேஞ்சிருக்கு."

நான் புது நட்டுக்குக் காசு கொடுக்கும் முன்பே செய்திருக்க வேண்டிய வேலை அது. வைஸை எப்போதும் மேசையின் நடுவில்தான் மாட்டுவார்கள். முந்தைய பட்டறையில் வருடக்கணக்காகத் திருகின் அதே சில சென்டிமீட்டர்தான் உழைத்திருக்கிறது. மேசை வழுக்கும் தடங்களும் அப்படியே. நடுவில் ஆட்டம் போகட்டும் என்று கிப்பை இறுக்கினால் ஓரத்தில் மேசை சிக்கிக்கொள்ளும். அந்த 5 கோடு வித்தியாசம் திருகையே மாற்றினால்தான் போகும். அதுவரை அந்த இயந்திரத்தில் டவுன் மில்லிங் கிடையாது. அளவை எப்போதும் ஒரே பக்கத்திலிருந்து அணுக வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாகப் பின்னால் போய்த் திரும்பி வர வேண்டும். பிள்ளைகளுக்கு இதில் சந்தேகமே வருவதில்லை, ஏனென்றால் காரணத்தைக் கண்டுபிடித்தவர்கள் அவர்கள்.

இனி யாராவது வாங்கப் போனால், கையில் ஒரு டயல் கேஜோடு போங்கள். நடுவிலும் ஓரத்திலும் பேக்லாஷ் பாருங்கள். மேசையை முழு நீளத்துக்கு ஓட்டி, எங்கே இறுகுகிறது என்று கையால் உணருங்கள். மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு, ஸ்பிண்டிலின் கூம்புத் துளைக்குள் விரலை விட்டுத் தடவுங்கள். கீறல் இருந்தால் கருவி நேராக உட்காராது. அந்தக் கூம்பு எந்த வகை என்றும் கேளுங்கள். அதற்கான காலட் கடையில் கிடைக்காவிட்டால் இயந்திரம் சும்மாதான் நிற்கும். வைஸ், காலட், கட்டர் எல்லாம் சேர்ந்தால் செலவு இயந்திரத்தின் விலையை எட்டிப் பிடித்தாலும் ஆச்சரியப்படாதீர்கள். மேசையில் ட்ரில் போட்ட குழிகள் இருந்தால், முன்பு ஓட்டியவர் எப்படிப்பட்டவர் என்று தெரிந்துவிடும். பெயின்ட்டைப் பார்க்காதீர்கள்.

கொண்டுவருவதற்கு ஒரு சின்ன யானை வண்டி போதும். ஆனால் இது தலை கனத்த சாமான். 'நீ'யை அடிமட்டத்துக்கு இறக்கிக் கட்டிய பிறகே அசைக்க வேண்டும். கடப்பாரையும் குழாய் உருளைகளும் தெரிந்த ஆட்களைக் கூப்பிடுங்கள், மாணவர்களை வேண்டாம். மோட்டார் மூன்று ஃபேஸ் என்றால் ஒற்றை ஃபேஸ் வீட்டு இணைப்பில் நேரடியாக ஓடாது. இடையில் டிரைவ் ஒன்று வைக்கலாம். மோட்டாரின் உள் இணைப்பையும் அதற்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள். எர்த் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டாதீர்கள்.

பராமரிப்பில் பெரிய எதிரி நம் ஊர் ஈரம். 2015 டிசம்பரில் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். அதை நினைத்து ஒன்றரை அடி உயரத்தில் கான்கிரீட் மேடை கட்டி அதன்மேல்தான் இயந்திரத்தை ஏற்றினேன். வெள்ளம் வராத வருடத்திலும் ஐப்பசி, கார்த்திகையில் துரு வந்துவிடும். பிளாஸ்டிக் தாள் போட்டு மூடினேன், உள்ளே வியர்த்து ஒரே வாரத்தில் மேசை சிவந்துவிட்டது. இப்போது பருத்தித் துணிதான், அடைமழை நாட்களில் உள்ளே ஒரு சின்ன குண்டு பல்பு எரியும். பால் மாதிரி இருக்கும் கூலன்ட்டை வேலை முடிந்ததும் துடைத்துவிட வேண்டும். இரும்புச் சீவல்களைத் தூரிகையால் தள்ள வேண்டும். கையால் தள்ளினால் விரலைக் கிழிக்கும், காற்றடித்தால் தடத்துக்குள்ளேயே போய்ச் சேரும். பிறகு தடங்களுக்கு 68 கிரேடு எண்ணெய். கையுறை, தொங்கும் துப்பட்டா, கைக்கடிகாரம் எதுவும் சுழலும் இயந்திரத்தின் அருகே கூடாது. சீவலைத் தள்ளுவதும் எண்ணெய் விடுவதும் பிள்ளைகள் பொறுப்பு. நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்திடுவார்கள். எண்ணெய் விட மறந்தவன் பெயரை அடுத்த வாரத்துக்காரன் சிவப்பு மையில் எழுதுவான். இதை நான் சொல்லிக்கொடுக்கவில்லை.

பள்ளிக்கே வாங்கலாமே என்று கேட்பீர்கள். பள்ளி நிதியில் பழைய பொருள் வாங்குவது எளிதல்ல. 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' வழியாகவோ முன்னாள் மாணவர் மூலமாகவோ நன்கொடையாகப் பெற முடியுமா என்று பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசிப் பாருங்கள். யாராவது இலவசமாகத் தருகிறேன் என்றாலும் டயல் கேஜோடு போங்கள். இருப்புப் பதிவேட்டில் ஏறிய பொருளைக் கழிப்பது வாங்குவதைவிடச் சிரமம். உங்களுக்கு மாறுதல் வந்தால் எண்ணெய் விடப் போவது யார் என்பதையும் அன்றைக்கே பேசி முடித்துவிடுங்கள்.

வரும் சனிக்கிழமை பிள்ளைகள் ஆறு மாத அளவு எடுக்கிறார்கள். நடுவில் 8 கோடு இன்னும் 8தானா என்று பார்க்கப் போகிறோம். வர விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். டயல் கேஜ் வைத்திருப்பவர்கள் கையோடு எடுத்து வாருங்கள், என்னிடம் இருப்பது ஒன்றுதான்.