பருவமறிந்து பணிசெய்யும் நூலகம்

(உரை)



உழவன் பருவமறிந்து விதைக்கின்றான். மழைக்கு முன்னே உழுகின்றான், ஈரம் காயுமுன் விதைக்கின்றான், காலத்தே களையெடுக்கின்றான். ஆண்டிற்கு ஒருமுறை மட்டும் கழனிக்குச் சென்று, மாலை சூடித் திரும்புகின்ற உழவனை எவரேனும் கண்டதுண்டோ? ஆயினும் கிளை நூலகங்கள் பலவும் அவ்வாறே நடத்தப்பெறுகின்றன. நவம்பர் 14 முதல் 20 வரை நூலக வாரவிழா! ஒரு மேடை, ஓர் ஒலிபெருக்கி, மாணவர்க்குச் சில பரிசுகள். விழா முடிந்ததும் எஞ்சிய கிழமைகளெல்லாம் நாளிதழ் புரட்டும் ஓசையே அங்குக் கேட்கும். விழா வேண்டா என்பதன்று கருத்து. உழாத நிலத்திற்கு அறுவடை விழா எதற்கு என்பதே வினா.

பொன்மலையை எண்ணிப் பாருங்கள். இது தொழிலாளர் ஊர். தென்னிந்தியத் தொடர்வண்டிக் குழுமத்தின் பெரும்பணிமனை 1928-இல் நாகையிலிருந்து இங்குப் பெயர்ந்த பின்னரே, குன்றைச் சூழ்ந்து இத்துணைப் பெரிய குடியிருப்பு எழுந்தது. நீலமலைத் தொடர்வண்டிக்கு இந்நூற்றாண்டிலும் நீராவிப் பொறிகளைச் செய்தளித்தவை இப்பணிமனைக் கைகளே. இரும்பை உருக்கி வடிக்கும் அக்கைகள் மாலையில் ஒரு நூலை எடுத்துப் புரட்டுவதற்கு வழி உண்டா? அவர்தம் மக்கள் பள்ளியில் ஆங்கிலமும் தெருவில் கலப்பு மொழியுமாக வளர்கின்றனர். நல்ல தமிழை அவர்கள் எங்கே சந்திப்பர்? பணம் கேளாமல், சாதி கேளாமல், மதிப்பெண் கேளாமல் தமிழ் தரும் இடம் பொதுநூலகம் ஒன்றே. அது உறங்கினால் இழப்பு நூலகத்திற்கன்று, ஒரு தலைமுறைக்கு!

நூலகம் மக்களைத் தேடிச் செல்லவேண்டும் என்பது புதுக்கருத்தன்று. சீர்காழியில் 1892-இல் பிறந்த அரங்கநாதன், உலகம் போற்றும் நூலகவியல் ஐந்நெறிகளை 1931-இல் நூலாக வெளியிட்டார். நூல் பூட்டி வைத்தற்குரியதன்று, பயன்கொள்வதற்கு உரியது என்பதே அவற்றின் தொடக்கம். அதே ஆண்டு அக்டோபர்த் திங்களில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலிலிருந்து மாட்டுவண்டி நூலகம் ஒன்று புறப்பட்டது. கனகசபையார் என்னும் பெருமகனார் வடிவமைத்த வண்டி அது. மின்விளக்கில்லாச் சிற்றூர்களுக்கு மாடு இழுத்த வண்டியில் நூல்கள் சென்றன. மாட்டுவண்டிக் காலத்தில் இயன்றது, பேருந்தும் மின்விளக்கும் உள்ள பொன்மலையில் இயலாதா?

இயலும். அதற்கு வேண்டுவது பருவமறிதல். ஊரின் ஆண்டு எவ்வாறு சுழல்கின்றதோ அவ்வாறே நூலகத்தின் ஆண்டும் சுழலவேண்டும்.

சுறவத் திங்கள் (தை) பிறந்ததும் பொங்கலும் திருவள்ளுவர் நாளும் வருகின்றன. குறள் ஒப்பித்தலோடு நிறுத்தாமல், ஒரு குறளுக்கு நால்வர் நான்கு உரை கூறி வழக்காடும் அரங்கு அமைக்கலாம். அதே திங்களில் மொழிப்போர் ஈகியர் நாளாகிய சனவரி 25 வருகின்றது. கீழப்பழுவூர்ச் சின்னச்சாமி 1964-இல் தம்மைத் தீக்கு ஈந்தது இதே திருச்சிராப்பள்ளித் தொடர்வண்டி நிலையத்தின் முன்னர்த்தான். அவ்வரலாற்றைத் தெளிவாகச் சொல்லும் நூல்களை அன்று ஒரு மேசைமேல் அடுக்கி வைத்தாலே போதும். இளைஞர் எடுத்துப் படிப்பர்.

மேழமும் விடையும் (சித்திரை, வைகாசி) கோடை விடுமுறைப் பருவம். வெயிலுக்கு அஞ்சி வீட்டிற்குள் அடைந்திருக்கும் சிறுவர்க்கு நாளும் ஒருமணி நேரம் கதை படித்துக் காட்டலாம். விடுமுறைக்குள் பத்து நூல் படித்து முடிக்கும் சிறுவன், பள்ளி திறக்கும்போது வேறொருவனாகச் செல்வான். பாவேந்தர் பிறந்தநாளாகிய ஏப்ரல் 29-உம் இப்பருவத்திலேயே வருகின்றது.

கடகத் திங்களில் (ஆடி) காவிரியில் பதினெட்டாம் பெருக்கு. திருவரங்கத்து அம்மா மண்டபத் துறை மக்கள் வெள்ளத்தால் நிறையும். அக்கிழமையில் ஆற்றைப் பற்றியும், அணையைப் பற்றியும், உழவைப் பற்றியும் நூல்காட்சி வைப்பதற்கு வேறென்ன முன்னுரை வேண்டும்? தொடர்ந்து ஆகத்து 12, அரங்கநாதன் பிறந்தநாள். அதுவே நூலகர் நாள்.

மடங்கலில் (ஆவணி) பொன்மலைக்கே உரிய நாள் ஒன்று உண்டு. 1946 செப்டம்பர் 5 அன்று, உரிமை கேட்டுப் போராடிய தொடர்வண்டித் தொழிலாளர்மேல் காவலர் சுட்டதில் ஐவர் மாண்டனர். அவர் நினைவை ஊர் போற்றுகின்றது. அவர் வரலாற்றை எழுதிக் காப்பதோ நூலகத்தின் கடன். ஓய்வுபெற்ற முதியோரை அழைத்து, அவர் தம் பெற்றோர் வாய்க் கேட்டவற்றைச் சொல்லச் செய்து, மாணவர் கையால் ஏட்டில் எழுதுவித்தல் வேண்டும். அதனோடு பணிமனைச் சொற்களையும் தொகுக்கலாம். சுத்தியலை 'ஆம்மர்' என்றும், கடைசற் பொறியை 'லேத்து' என்றும் சொல்லிப் பழகிய வாய்க்கு, பட்டடை, துருத்தி, குறடு, அரம், கொல்லுலை என்னும் நம் கொல்லர் சொற்கள் அயலானவை அல்ல, மறந்தவை. மறந்ததை நினைவூட்டுவதைவிட நூலகத்திற்கு நற்பணி வேறுண்டோ?

துலையும் நளியும் (ஐப்பசி, கார்த்திகை) அடைமழைப் பருவம். நூலக வாரவிழாவும் அப்போதே வருகின்றது. ஆண்டு முழுதும் படித்தவர் தாம் படித்ததை அவ்விழாவில் எடுத்துரைக்கட்டும். அன்று அது மெய்யான அறுவடை விழாவாகும்.

நாளும் நேரமும் கூட எண்ணத்தக்கவை. கிளை நூலகங்கட்குப் பெரும்பாலும் வெள்ளியன்று விடுமுறை, ஞாயிறன்று திறப்பு. பொன்மலையில் சந்தை கூடுவதும் ஞாயிறன்றே. காய்கறி வாங்க வரும் தாய்மாரும் ஓய்ந்திருக்கும் தொழிலாளரும் ஒருங்கே கிடைக்கும் நாள் அது. சந்தைக்கு வருவோர் பையில் கீரையோடு ஒரு நூலும் வீடு செல்லுமாறு செய்யலாமே!

"ஒரேயொரு நூலகர் இத்துணையும் எங்ஙனம் செய்வார்?" என்று சிலர் வினவலாம். ஞாயமான வினா. நூல் வழங்கி, பதிவேடு எழுதி, கதவடைப்பதற்கே அவர்க்குப் பொழுது போதாது. ஆதலின் இச்சுமையை அவர் தோளில் ஏற்றலாகாது. 'வாசகர் வட்டம்' என்று வழங்கும் படிப்போர் வட்டம் இதற்காகவே அமைந்தது. திங்களுக்கு ஒரு நிகழ்ச்சி, அதற்கு இருவர் பொறுப்பு எனப் பகிர்ந்துகொண்டால் ஆண்டிற்கு 24 பேர் போதும். ஓர் ஊரில் 24 தமிழர் கிடையாரோ?

இது இரந்து பெறும் பணியும் அன்று. அவினாசிலிங்கனார் கல்வியமைச்சராக இருந்தபோது 1948-இல் இயற்றப்பெற்ற பொதுநூலகச் சட்டம் 1950-இல் நடைமுறைக்கு வந்தது. அதன்வழி, வீட்டுவரியில் உருபாவிற்குப் பத்துக் காசு இன்று நூலகத்திற்கென்றே தண்டப்படுகின்றது. காசு கொடுத்தவன் கடைக்குள் செல்லாமல் திரும்புவதுண்டோ? நூலகவரி செலுத்துவோர் நூலகத்தின் உள்ளே செல்லாதிருப்பது அத்தகைய பேதைமையே.

திருச்சிராப்பள்ளியில் பெருநூலகம் ஒன்று அமையுமென அரசு 2024-இல் அறிவித்தது. காமராசர் பெயர் அதற்கு 2025-இல் சூட்டப்பெற்றது. மகிழத்தக்க செய்தி. ஆயினும் பேராறு ஓடுவதனால் ஊர்க்கிணற்றைத் தூர்ப்பாரில்லை. ஐந்து அகவைக் குழந்தை தன் காலால் நடந்து சென்றடையக்கூடியது தெருவோர நூலகம் ஒன்றே.

ஆதலின், தமிழ் வாழ்க என்று முழங்குவோர் ஒவ்வொருவரும் முதலில் தம் ஊர் நூலகத்தில் உறுப்பினர் ஆகுக! வரும் ஞாயிறன்று ஒரு குழந்தையின் கைபற்றி அங்குச் செல்க! தமிழில் ஒரு நூலை எடுத்து அதன் கையில் தருக! முழக்கம் செவியோடு நின்றுவிடும். படித்த நூல் நெஞ்சில் வேர்விடும்.