பட்டாளச் செலவும் பொதுஜன சௌகரியமும்

(மொரப்பூர் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பட்டாளத்துக்குப் பணம் அதிகமாகப் போனால், ஆஸ்பத்திரிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ரயிலுக்கும் குறையுமா, குறையாதா என்பதே இன்று நான் பேச வந்த விஷயம். இதற்குப் பதில் தேடி லண்டனுக்கும் டில்லிக்கும் போகுமுன், உங்கள் ஊரிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. அதை முதலில் விசாரிப்போம்.

தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78-இல், அன்றைய சேலம் ஜில்லா ஜனங்கள் பட்ட பாடு சரித்திரம் அறிந்தது. அதன் பிறகு 1880-இல் பஞ்சக் கமிஷனானது, பஞ்சம் வரும் பிரதேசங்களுக்கு ரயில் பாதை வேண்டுமென்று சொல்லிற்று. அந்த முறையில் வந்ததுதான் மொரப்பூரிலிருந்து தர்மபுரிக்கு 1906-இல் திறக்கப்பட்ட, இரண்டரையடி அகலமுள்ள சின்ன ரயில். 1913-இல் அது ஓசூர் வரை நீண்டது. 1941-இல், யுத்தத்தின் நடுவில், அது மூடப்பட்டது, தண்டவாளமும் பெயர்க்கப்பட்டது. அந்த யுத்தகாலத்தில் இந்தியாவெங்கும் பல கிளைப் பாதைகள் இப்படியே பெயர்க்கப்பட்டு, தண்டவாளங்களும் இஞ்சின்களும் வண்டிகளும் மத்திய கிழக்கு யுத்தமுனைக்குக் கப்பலேறின.

"அது லாபமில்லாத பாதைதானே" என்று யாராவது சொல்லக்கூடும். பஞ்சத்துக்காகப் போட்ட பாதையில் லாபம் தேடுவது, நெருப்பணைக்கும் வண்டி இந்த மாதம் எத்தனை ரூபாய் சம்பாதித்தது என்று கேட்பதற்குச் சமமல்லவா? பீரங்கியைப் பார்த்து எவரேனும் லாபக் கணக்குக் கேட்டதுண்டா?

பெயர்த்த பாதைக்குப் பதிலாக மொரப்பூர் - தர்மபுரி அகலப் பாதைக்கு அடிக்கல் நாட்டியது 2019 மார்ச்சில். இடையில் போனது 78 வருஷம்! பிடுங்குவதற்கு ஒரு உத்தரவு போதும். திரும்பப் போடுவதற்கு மூன்று தலைமுறை வேண்டும்.

ஹிட்லரை எதிர்க்க வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டியதுதான். ஆனால் 1939 செப்டம்பர் 3-ந் தேதி, வைஸ்ராய் லின்லித்கோ பிரபு இந்த நாட்டுச் சட்டசபை எதையும் கேளாமலே, இந்தியா யுத்தத்தில் இறங்கிவிட்டதாக அறிவித்தார். சண்டையைத் தீர்மானிப்பவன் ஒருவன், ரயிலை இழப்பவன் இன்னொருவன் என்றால், அதற்கு அடிமைத்தனம் என்றல்லாமல் வேறு என்ன பெயர்?

சரி, சுயராஜ்யமுள்ள நாட்டில் இந்த உபத்திரவம் இராதே என்பீர்கள். நம்மை ஆண்ட இங்கிலாந்தையே பாருங்கள். 1948 ஜூலை 5-ந் தேதி அங்கே எல்லா ஜனங்களுக்கும் இலவச வைத்தியம் வந்தது. 1949 ஏப்ரலில் அமெரிக்கா முதலிய நாடுகளோடு சேர்ந்து நேட்டோ என்னும் இராணுவக் கூட்டில் அந்நாடு கையெழுத்திட்டது. 1950-இல் கொரியா யுத்தம் வந்தது. அமெரிக்காவின் நெருக்குதலும் சேர்ந்துகொள்ள, 1951-இல் மூன்று வருஷத்துக்கு 470 கோடி பவுன் இராணுவத் திட்டம் போட்டார்கள். அவ்வருஷம் ஏப்ரலில் நிதிமந்திரி கெயிட்ஸ்கெல் என்ன செய்தார்? பல் செட்டுக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் பாதி விலையை நோயாளியே கொடுக்கவேண்டும் என்றார். அதில் அவ்வருஷம் எதிர்பார்த்த மிச்சம் 1 கோடியே 30 லட்சம் பவுன். 470 கோடிக்கு முன்னால் இது எம்மாத்திரம்! அந்த வைத்தியத் திட்டத்தைக் கட்டியெழுப்பிய பெவன் மந்திரி பதவியையே உதறிவிட்டு வெளியேறினார். இத்தனை ஆயுதத்தைக் குறித்த காலத்தில் செய்து முடிக்கவே முடியாது என்பது அவர் வாதம். அடுத்து ஆட்சிக்கு வந்த அவருடைய எதிரி சர்ச்சிலே அவ்வருஷம் டிசம்பரில் அதை ஒப்புக்கொண்டு திட்டத்தைத் தளர்த்த நேர்ந்தது. ஆயுதம் முழுதும் வரவில்லை. கண்ணாடிக்கு வைத்த கட்டணமோ நின்றுவிட்டது!

இது பழங்கதையல்ல. 2025 பிப்ரவரியில் அதே இங்கிலாந்து, பட்டாளச் செலவை உயர்த்துவதற்காக ஏழை நாடுகளுக்குக் கொடுக்கும் உதவியைத் தேசிய வருமானத்தில் 0.5 சதவிகிதத்திலிருந்து 0.3 ஆகக் குறைப்பதாக அறிவித்தது. ஜூன் மாதம் ஹேக் நகரில் கூடிய நேட்டோ நாடுகள், 2035-க்குள் தேசிய உற்பத்தியில் 5 சதவிகிதத்தைப் பாதுகாப்புக்கு என்று ஒப்புக்கொண்டன. சதவிகிதம் வெளியூர் மகாநாட்டில் தீர்மானமாகிறது. வெட்டு உள்ளூர் பட்ஜெட்டில் விழுகிறது.

நம் மத்திய சர்க்கார் 2025-26 பட்ஜெட்டில் பாதுகாப்புக்கு ஒதுக்கியது ஏறத்தாழ 6 லட்சத்து 81 ஆயிரம் கோடி ரூபாய்; சுகாதார இலாகாவுக்கு ஏறத்தாழ 1 லட்சம் கோடி. வைத்தியச் செலவில் பெரும்பகுதி மாநில சர்க்கார்களுடையது. ஆகவே இவ்விரண்டு தொகையை மட்டும் வைத்து நான் கூச்சல் போட வரவில்லை. எல்லையைக் காக்கப் பட்டாளமே வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. நான் கேட்பதெல்லாம் கணக்குத்தான். கோவில் கணக்கைக் கேட்டால் நாஸ்திகன் என்கிறார்கள். பட்டாளக் கணக்கைக் கேட்டால் தேசத்துரோகி என்கிறார்கள். இரண்டு இடத்திலும் பணம் நம்முடையதுதானே?

ஆகவே தோழர்களே! "தேசப் பாதுகாப்பு" என்ற சொல்லைக் கேட்டதும் கன்னத்தில் போட்டுக்கொள்ளாதீர்கள். யாரிடமிருந்து பாதுகாப்பு, எவ்வளவு செலவு, அதற்காக எது வெட்டப்படுகிறது, தீர்மானித்தவர் யார் என்று உங்கள் பிரதிநிதிகளைக் கேளுங்கள். காய்ச்சலும் பசியும் எழுத்தறியாமையும் எல்லை தாண்டி வரவேண்டிய சத்துருக்கள் அல்ல. அவை உள்ளே குடியிருக்கின்றன. அவற்றை எதிர்க்கும் செலவும் பாதுகாப்புச் செலவுதான் என்று சொல்லி, இத்துடன் முடித்துக்கொள்ளுகிறேன்.