ஓய்வுக்குப் பின் வெளிநாட்டில் நெடுநாள் தங்க விசா

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

நம்மில் பலர் ஓய்வு பெற்றுவிட்டோம். பிள்ளைகள் டல்லாஸிலும் டொராண்டோவிலும் சிங்கப்பூரிலும் இருக்கிறார்கள். "அப்பா, அம்மாவையும் கூட்டிக்கிட்டு வந்து எங்களோட இருங்க" என்று போனில் கூப்பிடுகிறார்கள். கேட்கச் சந்தோஷம்தான். எந்த விசாவில் போவது, எத்தனை நாள் இருக்கலாம் என்பதில்தான் குழப்பம்.

நான் தோணிரேவில் பிறந்தவன். பழவேற்காடு ஏரியில் 'பாடு' முறை உண்டு என்பது இந்தப் பக்கத்து நண்பர்களுக்குத் தெரியும். இன்ன இடத்தில் இன்ன நாள் வலை கட்ட இன்னாருக்கு முறை என்று ஊர் கூடி வைத்த ஏற்பாடு. இறால் நிறைய விழுகிறதே என்று மறுநாளும் அங்கேயே வலை போட முடியாது. விசாவும் அப்படித்தான். உங்கள் முறை என்றைக்கு முடிகிறது என்பதே முதல் கேள்வி.

அமெரிக்காவை எடுத்துக்கொள்வோம். சுற்றுலா விசா பத்து வருஷத்துக்குக் குத்திக் கொடுக்கிறார்கள். பத்து வருஷமும் அங்கே இருக்கலாம் என்று நினைத்துவிடக் கூடாது. அந்தப் பத்து வருஷம், போய்க் கதவைத் தட்டுவதற்கான காலம். தங்கும் காலத்தை விமான நிலைய அதிகாரிதான் முடிவு செய்கிறார். பெரும்பாலும் ஆறு மாதம். அந்தத் தேதி ஐ-94 என்ற பதிவில் இருக்கும். போய் இறங்கியதும் மகனையோ மகளையோ அதைக் கணினியில் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். கூடுதல் நாள் வேண்டுமானால் தேதி முடியும் முன்பே ஐ-539 விண்ணப்பம் போட வேண்டும்.

"பேரன் பிறந்திருக்கான், இன்னும் கொஞ்ச நாள்தானே" என்று சும்மா இருந்துவிட்டால் என்ன ஆகும்? ஒரு நாள் மிஞ்சினாலும் அந்தப் பத்து வருஷ விசா செல்லாமல் போகும். 180 நாளுக்கு மேல் மிஞ்சி இருந்துவிட்டுத் திரும்பினால் மூன்று ஆண்டுத் தடை. ஒரு வருஷம் மிஞ்சினால் பத்து ஆண்டுத் தடை. எழுபது வயதில் பத்தாண்டுத் தடை என்றால், அந்தப் பேரனை அவன் வீட்டில் போய் இனிப் பார்க்கவே முடியாமல் போகலாம்.

பிள்ளை அமெரிக்கக் குடியுரிமை பெற்று 21 வயது நிரம்பியிருந்தால் பெற்றோருக்குக் கிரீன் கார்டு கேட்கலாம். ஆனால் அது அங்கேயே குடியிருப்பவர்களுக்கானது. கார்டை வாங்கி வைத்துவிட்டு வருஷக்கணக்கில் ஊரில் இருந்தால் அது நிலைக்காது.

கனடாவில் 2011 முதல் பெற்றோருக்கென்றே 'சூப்பர் விசா' இருக்கிறது. 2022 ஜூலை முதல் ஒரே தடவையில் ஐந்து ஆண்டு வரை தங்கலாம். பிள்ளைக்குப் போதிய வருமானம் இருக்க வேண்டும்; குறைந்தது ஒரு லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடும் வேண்டும். ஆஸ்திரேலியாவில் 2019-இல் வந்த 870 விசாவில் மூன்று அல்லது ஐந்து ஆண்டு. மொத்தம் பத்து ஆண்டுக்கு மேல் கிடையாது. சிங்கப்பூரில் வேலை அனுமதியில் இருக்கும் பிள்ளை பெற்றோரை நீண்ட காலம் வைத்துக்கொள்ள, மாதச் சம்பளம் 12,000 வெள்ளியாவது வாங்க வேண்டும். பிரிட்டனில் ஓய்வு பெற்றவர்களுக்கென்று இருந்த விசாவை 2008-லேயே மூடிவிட்டார்கள். இப்போது பார்வையாளராக ஆறு மாதம்தான்.

பிள்ளைகள் துணையில்லாமல் போக நினைப்பவர்களுக்குத் தாய்லாந்து உண்டு. 50 வயது ஆகி, வங்கியில் எட்டு லட்சம் பாட் காட்ட வேண்டும். மலேசியாவின் 'இரண்டாம் இல்லம்' திட்டம் நம் பென்ஷன்காரர்களுக்கு எட்டாது. சாதாரணப் பிரிவுக்கே ஒன்றரை லட்சம் அமெரிக்க டாலர் வைப்பு, வீடும் வாங்க வேண்டும்.

இனி நம் பக்கத்து வேலைகள். ஓய்வூதியத்துக்கு ஆண்டுதோறும் உயிர்வாழ் சான்று தர வேண்டும். வெளிநாட்டிலிருந்தால் இந்தியத் தூதரகத்தில் அதைப் பெற்று அனுப்பலாம். மறந்தால் பென்ஷன் நிற்கும். மருத்துவக் காப்பீடு இல்லாமல் விமானம் ஏறாதீர்கள். சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்ற பழைய நோய்களுக்குப் பணம் தருவார்களா என்று கேட்டுப் பாலிசி எடுங்கள்.

மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் ஒரு வேலை சொல்கிறேன். வீட்டுக்குப் போனதும் அப்பா, அம்மாவின் சான்றிதழ்களை எடுத்துப் பாருங்கள். இனிஷியலை விரித்து எழுதியது ஆதாரில் ஒரு மாதிரி, பாஸ்போர்ட்டில் ஒரு மாதிரி இருக்கும். பழைய தாள்களில் செங்கல்பட்டு மாவட்டம் என்றிருக்கும். 1997-க்குப் பிறகு நாம் திருவள்ளூர் மாவட்டம். நாடு முழுவதற்கும் பொதுவான பிறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல்தான் வந்தது. அதற்கு முன் பிறந்த பலருக்குச் சான்றே இல்லை. பதிவு இல்லை என்ற சான்றும், விவரம் தெரிந்த பெரியவர்களின் உறுதிமொழிப் பத்திரமும் தேவைப்படலாம். அந்தப் பெரியவர்கள் இருக்கும்போதே வாங்கி வையுங்கள். பத்தாவது படிக்காத தகப்பனாரும் தயங்க வேண்டாம். 50 வயது கடந்தவர்களுக்குக் குடிபெயர்வு அனுமதித் தொல்லை கிடையாது.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். ஆகவே ஏஜெண்ட் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று போகாமல், அந்தந்த நாட்டின் அரசு அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள். நல்லபடியாகப் போய், பேரப்பிள்ளைகளோடு இருந்து, சொன்ன தேதிக்குள் திரும்பி வாருங்கள். அடுத்த முறையும் போகலாம்.