சும்மா விழுற பழம்னா இளக்காரமா?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் களப்பணியாளர்கள் சார்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



வழக்கமாக இந்த நேரத்தில் சேமிப்பு, கடன் தவணை, தணிக்கை என்றுதான் பேசுவோம். இன்னைக்குப் பழத்தைப் பத்திப் பேசலாம்னு வந்திருக்கோம். "பழத்தைப் பத்திப் பேச என்ன இருக்கு?" என்று சிரிக்காதீர்கள். நம்ம வீட்ல பழம் எப்போ வாங்குறோம்னு கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. ஆஸ்பத்திரியில யாரையாவது பார்க்கப் போனா சாத்துக்குடி. தாம்பூலத் தட்டுக்கு ஆப்பிள். சாமிக்கு வாழைப்பழம். நோயாளிக்கும் விருந்தாளிக்கும் சாமிக்கும் பழம் உண்டு. வெயில்ல மீன் கூடையைச் சுமந்துட்டு வர்ற நமக்கு உண்டா? மிச்சம் இருந்தா உண்டு.

போன ஆவணி மாதம் ஒரு குழுக் கூட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். ஒரு உறுப்பினரின் மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். பிறந்த நாளுக்கு ஸ்ட்ராபெர்ரி கேக் வேணும்னு ஒரே பிடிவாதம். டிவியில பார்த்திருக்கு. அம்மா மீன் வித்த காசில், டவுனுக்குப் போய் ஒரு சின்ன கேக் வாங்கி வந்தாங்க. மேலே ரோஸ் கலர் கிரீம். பிள்ளை ஒரு வாய் சாப்பிட்டுட்டு, "அம்மா, இதுல பழம் எங்கம்மா?" என்று கேட்டதாம். அதைச் சொல்லும்போது அந்த அக்காவுக்குக் கண் கலங்கிப் போச்சு. அவ்வளவு பணம் கொடுத்தது கலருக்கும் வாசனைக்கும்தான்.

முதலில் ஸ்ட்ராபெர்ரியைப் பற்றி இரண்டு வார்த்தை. அது நல்ல பழம். அதில் எங்களுக்குச் சண்டை இல்லை. குளிர்ந்த மலைப்பகுதியில் நன்றாக வரும் சின்னச் செடி. நம்ம மாநிலத்தில் கொடைக்கானலிலும் நீலகிரியிலும் விளைகிறது. மகாராஷ்டிராவில் மகாபலேஷ்வர் ஸ்ட்ராபெர்ரிக்கு 2010ல் புவிசார் குறியீடே கொடுத்திருக்கிறார்கள். ஆனால் அது ரொம்ப மென்மையான பழம். பறித்த சில நாளிலேயே அழுகத் தொடங்கிவிடும். மலையிலிருந்து நம்ம ஏரிக்கரை வரைக்கும் கெடாமல் வர வேண்டும் என்றால் அதற்கு ஒரு செலவு இருக்கிறது. விலை அதிகம் என்பதற்கு அதுதான் காரணம். சத்து அதிகம் என்பதால் அல்ல.

ஒரு கணக்கு சொல்கிறோம். 100 கிராம் ஸ்ட்ராபெர்ரியில் வைட்டமின் சி சுமார் 60 மில்லிகிராம் இருக்கும். அதே 100 கிராம் கொய்யாவில் 200 மில்லிகிராமுக்கும் மேலே. விலை உசத்தி வேறு, சத்து உசத்தி வேறு. இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்ட்ராபெர்ரி என்று எழுதிய பிஸ்கட், ஐஸ், மிட்டாய் வாங்கினால் பொட்டலத்தின் பின்பக்கத்தைப் பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். நிறம் என்ற இடத்தில் 122, 124 என்ற எண் இருந்தால் அது செயற்கைச் சிவப்பு. அரசு அனுமதித்த அளவுக்குள் போடலாம். விஷம் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் அது பழம் இல்லை. பழத்துக்கான காசை அதற்குக் கொடுக்கிறோம் என்பதாவது நமக்குத் தெரியணும் இல்லையா?

இப்போ அந்தக் கூட்டத்துக்கே திரும்பி வருவோம். அந்த அக்கா பேசிக்கொண்டிருக்கும்போதே பின்பக்கம் பொத்தென்று ஒரு சத்தம். பனம்பழம் விழுந்தது. யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கூட்டம் முடிந்து போய்ப் பார்த்தால் மரத்தடியில் ஏழெட்டுப் பழம் கிடக்கிறது. பாதியை ஆடு கடித்திருக்கிறது, மீதியில் ஈ மொய்க்கிறது. வாசனை மட்டும் தெரு முழுக்க வருது. "இதுல கேக் போட்டா என்ன?" என்று நாங்கள் கேட்டோம். எல்லாரும் சிரித்தார்கள். "அதெல்லாம் மாட்டுக்குப் போடுறது மேடம்" என்றார்கள்.

நாங்களும் விடவில்லை. அடுத்த வாரம் பழம் பொறுக்கி, சாறு பிழிந்து, கேக் போட்டோம். ஒரே கசப்பு! வாயில் வைக்க முடியவில்லை. படித்த மூளை எல்லாம் அன்னைக்குத் தோத்துப் போச்சு.

அப்போதுதான் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு ஆயா மெதுவாகச் சொன்னாங்க: "பிழிஞ்ச உடனே போட்டா கசக்கத்தான் செய்யும். துணியில கட்டித் தொங்க விடணும். தண்ணி வடிஞ்சதும் சின்னத் தீயில காய்ச்சணும்." இவ்வளவு தெரிஞ்சிருந்தும் ஏன் ஆயா முதல்லயே சொல்லலைன்னு கேட்டோம். ஆயா கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாங்க: "காத்து மழை காலத்துல பாடு இல்லாம வீட்ல அடுப்பு எரியாது. எங்கம்மா பனம்பழத்தைச் சுட்டுக் கொடுத்துதான் எங்களை வளர்த்துச்சு. ஸ்கூலுக்குப் போனா வாயெல்லாம் மஞ்சளா இருக்கும். 'பனம்பழம் தின்னுட்டு வந்திருக்கா, வீட்ல சோறு இல்ல போல'ன்னு சிரிப்பாங்க. அதுக்கப்புறம் நான் என் பிள்ளைங்களுக்கு அதைக் கொடுத்ததே இல்ல."

சகோதரிகளே, நாங்கள் இன்றைக்குச் சொல்ல வந்தது இதுதான். பழம் கசந்ததால் நாம் அதை ஒதுக்கவில்லை. பசி நாளில் சாப்பிட்டோம் என்ற வெட்கத்தால் ஒதுக்கினோம். தூரத்திலிருந்து காசு கொடுத்து வந்தால் மரியாதை, நம்ம மரத்திலிருந்து சும்மா விழுந்தால் இளக்காரம். அந்த ஆயாவின் அம்மா செய்தது வெட்கப்பட வேண்டிய காரியமா? ஒன்றும் இல்லாத வீட்டில் பிள்ளைகளின் உயிரைக் காப்பாற்றிய காரியம்!

மற்ற ஊர்களைப் பாருங்கள். யாழ்ப்பாணத்தில் பனங்காய்ப் பணியாரம் என்றால் பெருமை. அங்கே பனங்களியை வெயிலில் காய வைத்துப் பனாட்டு என்று பத்திரப்படுத்துவார்கள். வங்காளத்தில் கிருஷ்ண ஜெயந்திக்குப் பனம்பழத்தில் 'தாலேர் போரா' என்ற உருண்டைப் பலகாரம் செய்து சாமிக்கே படைக்கிறார்கள். அவர்கள் சாமிக்குப் படைப்பதை நாம் ஆட்டுக்கு விடுகிறோம்.

ஆயா சொன்ன பக்குவத்தை அப்படியே தருகிறோம். எழுதிக்கொள்ளுங்கள்.

களி எடுப்பது: நல்லா கனிஞ்சு, புதுசா விழுந்த, அடிபடாத பழமா எடுங்க. கழுவி, மேல் மூடியை எடுத்து, தோலை உரியுங்கள். கொட்டைகளைத் தனித்தனியாகப் பிரித்து, கொஞ்சம் வெதுவெதுப்பான தண்ணீர் தெளித்து நாரோடு பிசையுங்கள். சல்லடையிலோ துணியிலோ வடிகட்டினால் ஆரஞ்சு நிறத்தில் களி வரும். அதைத் துணியில் கட்டி, தண்ணீர் வடியும்வரை தொங்கவிடுங்கள். பிறகு அடிகனமான சட்டியில் சின்னத் தீயில், பச்சை வாசனை போகக் கிளறுங்கள். ஒரு சொட்டு நாக்கில் வைத்துப் பார்த்து, கசப்பு அதிகமாக இருந்தால் அந்தப் பழத்தை விட்டுவிடுங்கள். மரத்துக்கு மரம் ருசி மாறும்.

பணியாரம்: களி ஒரு டம்ளர், பொடித்த வெல்லம் அரை டம்ளர். இரண்டையும் சேர்த்துக் காய்ச்சி ஆற வையுங்கள். அரிசி மாவு அரை டம்ளர், கோதுமை மாவு அரை டம்ளர், தேங்காய்த் துருவல், ஏலக்காய், ஒரு சிட்டிகை உப்பு சேர்த்துக் கெட்டியாகக் கரைத்து, பணியாரச் சட்டியில் ஊற்றி எடுங்கள்.

குக்கர் கேக்: கோதுமை மாவு ஒன்றரை டம்ளர், பேக்கிங் பவுடர் ஒரு டீஸ்பூன், சமையல் சோடா கால் டீஸ்பூன் சேர்த்துச் சலியுங்கள். காய்ச்சிய களி அரை டம்ளர், வெல்லப் பொடி முக்கால் டம்ளர், எண்ணெய் அரை டம்ளர், காய்ச்சி ஆறிய பால் அரை டம்ளர் கலந்து மாவோடு சேருங்கள். குக்கரில் தண்ணீர் ஊற்றக் கூடாது. அடியில் உப்பு பரப்பி, ஒரு வளையம் வைத்து, பத்து நிமிடம் சூடாக்குங்கள். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கட்டாயம் எடுத்துவிட வேண்டும். எண்ணெய் தடவிய பாத்திரத்தில் மாவை ஊற்றி உள்ளே வைத்து, மூடி, சின்னத் தீயில் 40 முதல் 45 நிமிடம். குச்சியால் குத்தினால் ஒட்டாமல் வர வேண்டும்.

எப்போதாவது உண்மையான ஸ்ட்ராபெர்ரி கிடைத்தால் அதையும் சந்தோஷமாகச் சாப்பிடுங்கள். சாப்பிடும்போது மட்டும் கழுவுங்கள், முன்னாடியே கழுவி வைத்தால் சீக்கிரம் அழுகும். இதே கேக்கில் களிக்குப் பதிலாகப் பழத்தை நறுக்கி, உலர்ந்த மாவில் புரட்டிப் போட்டால் அடியில் தங்காது. ஆனால் சூட்டில் வைட்டமின் சி குறையும். அதனால் கொய்யா, ஸ்ட்ராபெர்ரி போன்றவற்றில் பாதியையாவது பச்சையாகச் சாப்பிடுவது நல்லது. பனம்பழத்தின் ஆரஞ்சு நிறம் கரோட்டின். உடம்பு அதைக் கண்ணுக்கு நல்லதான வைட்டமின் ஏ-யாக மாற்றிக்கொள்ளும். ஒன்று கவனம்: வெல்லமும் சர்க்கரைதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள் ருசிக்கு ஒரு துண்டோடு நிறுத்துங்கள்.

பனையில் வீணாவது எதுவும் இல்லை. பிழிந்த கொட்டையை மணலில் புதைத்து வைத்தால் பொங்கல் சமயத்தில் கிழங்கு. பழவேற்காட்டில் பெண்கள் முடையும் கூடையும் பெட்டியும் பனையோலைதான். ஏரியில் இறால் தடவும் இருளர் பெண்கள் பல்லில் கவ்விப் போகும் பறியும் பனையோலைதான். நுங்குக்காக எல்லாக் குலையையும் வெட்டிவிட்டால் பழம் வராது என்பதையும் நினைவில் வையுங்கள். மரத்தையே வெட்டினால் எதுவும் வராது. 2021ல் தமிழக அரசின் முதல் தனி வேளாண் நிதிநிலை அறிக்கையில், பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். உங்கள் ஊரில் யாராவது கோடாலியோடு வந்தால், குழுவாகப் போய் அனுமதி எங்கே என்று கேளுங்கள்.

சில பேர் "இதை விற்கலாமா மேடம்?" என்று கேட்டீர்கள். விற்கலாம். ஆனால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்த பிறகுதான். அதை அடுத்த கூட்டத்தில் பேசுவோம். முதலில் நம்ம வீட்டில் நாம் சாப்பிடுவோம்.

இரண்டாவது தடவை போட்ட கேக் பஞ்சு மாதிரி வந்தது. அந்த ஏழாம் வகுப்புப் பிள்ளைதான் வெட்டினாள். முதல் துண்டை யாருக்குக் கொடுப்பது என்று பார்த்தாள். நேராகப் போய் ஆயாவின் வாயில் வைத்தாள். ஆயா முந்தானையால் வாயைத் துடைக்கப் போனாங்க. பழைய பழக்கம். அப்புறம் கையை இறக்கிட்டு, "இன்னொரு துண்டு குடு" என்றார்கள்.

இந்த ஆவணிக்கு ஒவ்வொரு குழுவும் ஒரு தடவையாவது செய்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். ஒரே ஒரு நிபந்தனை. பங்கு போடும்போது, செய்த அம்மாவுக்கு ஒரு துண்டை முதலிலேயே எடுத்து வைத்துவிட வேண்டும். மிச்சம் இருந்தால் அல்ல. இதைத் தீர்மான நோட்டிலும் எழுதிக்கொள்ளுங்கள்!