சூரைச்செடியின் கீழே

பழைய மாணவியர் சங்கத்தின் நூற்றாண்டு நன்றி ஆராதனையை அடுத்து நடந்த கூட்டத்தில் ஆற்றிய உரை



ஊழியத்தில் வரும் மனச்சோர்வைப் பற்றிப் பேசும்படி சங்கச் செயலாளர் கேட்டபோது, “கொண்டாட்ட நாளில் இந்தக் கதை ஏன் பிள்ளை?” என்றோம். “உங்களுக்குத்தானே அதில் அனுபவம் கூட” என்றார். மறுக்க முடியவில்லை.

நாங்கள் என்று சொல்வது ஒரே வகுப்பில் படித்து, திருகோணமலையிலேயே தங்கிவிட்ட ஐந்து பேரை. சம்பளம் வாங்கிய ஊழியர்கள் அல்லர். ஞாயிறு பாடசாலை நடத்தினோம். ஆஸ்பத்திரியில் துணையில்லாத நோயாளரைப் போய்ப் பார்த்தோம். ஊழியம் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

மெதடிஸ்த மிஷன் இலங்கைக்கு வந்த கதையைப் பள்ளிக்கூடத்தில் வெற்றிக் கதையாகவே படித்தோம். வயது போனபின் வாசித்தால் அது வேறு கதை. வாழ்நாள் முழுக்கக் கீழைத்தேச மிஷனைக் கனவு கண்ட தோமஸ் கோக், 1814 மே 3ஆம் திகதி கப்பலிலேயே இறந்தார். உடலைக் கடலில் விட்டார்கள். பணமெல்லாம் அவர் பெயரில் இருந்ததால் கூட வந்த இளைஞர் பம்பாயில் கையில் காசில்லாமல் இறங்கினார்கள். முன்பின் தெரியாத வியாபாரி ஒருவர் கடன் கொடுத்தார். (அவருடைய குடும்பப் பெயரும் ‘மனி’தான். நாங்கள் கட்டிச் சொல்லவில்லை.) அவர்களில் வில்லியம் ஓல்ட் என்பவர் வரும் வழியிலேயே மனைவியைக் கடலில் இழந்தவர். தனியே மட்டக்களப்புக்குப் போனார். ஏறக்குறைய எட்டு மாதம். 1815 ஏப்ரல் 1ஆம் திகதி அவரும் காலமானார். பள்ளிக்கூடங்களைத் தொடங்கினார், அவை என்ன ஆகும் என்று அறியாமலே கண்ணை மூடினார். இந்தக் கடைசி வசனத்தை எங்களுக்கு யாரும் படிப்பிக்கவில்லை.

1990க்கு வருவோம். ஜூனில் சண்டை மூண்டது. சனம் காட்டுக்கும் முகாமுக்கும் கடல் வழியாக இந்தியாவுக்குமாகச் சிதறியது. ஞாயிறு பாடசாலை இடாப்பில் ஒரு பக்கம் நிறையப் பெயர்கள். ஓகஸ்டில் வந்த பிள்ளைகள் ஆறு. அந்த மாதம் 15ஆம் திகதி, அருட்தந்தை யூஜின் ஜோன் ஹெபியர் வாழைச்சேனையிலிருந்து மட்டக்களப்புக்கு ஸ்கூட்டரில் புறப்பட்டவர், கூட இருந்த தமிழ் இளைஞரோடு காணாமற்போனார். இன்றுவரை இருவருடைய உடலும் கிடைக்கவில்லை. அமெரிக்காவிலிருந்து 1948இல் வந்து, எங்கள் சூசையப்பர் கல்லூரியில் பொடியன்களுக்குக் கூடைப்பந்து பழக்கிய இயேசு சபைத் துறவி அவர். நாங்கள் அவருடைய சபையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஆனால் எங்கள் தம்பிமார் அவருடைய விசிலுக்கு ஓடியவர்கள்.

‘கர்த்தர் காப்பார்’ என்று அந்த ஆறு பிள்ளைகளுக்கும் எந்த முகத்தோடு படிப்பிப்பது? ஒரு பின்னேரம் டொக்யார்ட் வீதியில் ஒருத்தியின் வீட்டில் கூடி, வகுப்பை மூடுகிறோம் என்று போதகருக்குக் கடிதம் எழுதினோம். ஐந்து பேரும் கையெழுத்தும் வைத்தோம்.

அந்நேரம் எங்கள் பழைய ரீச்சர் ஒருவர் வந்தார். கடிதத்தை வாசித்தார். புத்தி சொல்லுவார் என்று பார்த்திருந்தோம். “ஒருத்தரும் சாப்பிடேல்லையே?” என்று குசினிக்குள் போய்விட்டார். பிட்டும் சொதியும். அதற்குள் ஊரடங்கு நேரமாகிவிட, எல்லோரும் அங்கேயே பாயைப் போட்டுப் படுத்தோம். பல வாரத்துக்குப் பிறகு அன்றுதான் நித்திரை கொண்டோம்.

எலியாவின் கதை எல்லோருக்கும் தெரியும். சூரைச்செடியின் கீழே படுத்து, சாகவேண்டும் என்று கேட்டவர். தேவதூதன் அவரைக் கண்டிக்கவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்தான். அவர் சாப்பிட்டுத் திரும்பவும் படுத்துக்கொண்டார். பிறகும் சாப்பாடுதான். கேள்வி கேட்கப்பட்டது நாற்பது நாள் கழித்து. அதற்குப் பின்தான் வேலையும், கூடவே எலிசா என்ற துணையும். சோர்ந்தவரிடம் முதலில் வசனத்தை நீட்டுகிற பழக்கம் எங்கள் சபைகளில் கூடுதலாக இருக்கிறது. அது பிழை என்றே நாங்கள் நினைக்கிறோம்.

விடிந்ததும் ரீச்சர் சொன்னார்: “கடிதத்தைப் பிறகு குடுக்கலாம். வாற ஞாயிறு ஒருத்தி படிப்பியுங்கோ. மற்ற நாலு பேரும் பின்வாங்கில சும்மா இருங்கோ.” அப்படியே முறை வைத்தோம். நான்கு ஞாயிறு சும்மா இருந்தால் ஐந்தாம் ஞாயிறு சொல்ல ஏதோ ஒன்று இருந்தது. ஹெபியரைப் பற்றிப் பிள்ளைகள் கேட்டபோது, தெரியாது என்றோம். அதுவும் ஒரு பாடமாயிற்று.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை. சுனாமியை நீங்கள் அறிவீர்கள். அந்தச் சோர்வு வேறு விதம். ஓட ஓட வேலை முடியவில்லை. கிண்ணியாப் பக்கத்து முகாமொன்றில், பால்மாவை வாங்கக் கையை நீட்டிய தாய் ஒருத்தி, “இதை வாங்கினா நாங்க மாறணுமா?” என்று கேட்டார். நாங்கள் கூசிப்போனோம். எங்களுக்கு முன் யாரோ அப்படி நடந்திருக்கவேண்டும். அன்றிரவு எங்களுக்குள் பெரிய வாக்குவாதம். கேட்டாலொழிய முகாமில் செபம் இல்லை என்று நால்வர் முடிவெடுத்தோம். செபமில்லாமல் கொடுப்பது ஊழியமே இல்லை என்றார் ஐந்தாமவர். சொற்கள் தடித்தன. அவர் விலகினார், பிறகு ரொறன்ரோவுக்கும் போய்விட்டார்.

முடிவில் நாங்கள் இன்றும் மாறவில்லை. ஆனால் சொன்ன விதம் எங்கள் தப்பு. எங்களுக்கு ஒருநாள் பிட்டு அவித்துத் தந்தார்களே, அவருக்கு நாங்கள் அன்றிரவு ஒரு தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை. இந்த மலர் அவருடைய கைக்கும் போகும் என்று தெரிந்துதான் இதைச் சொல்கிறோம்.

ரீச்சர் இப்போது இல்லை. கடிதம் பழைய இடாப்புக்குள் இருக்கிறது, ஐந்து கையெழுத்தோடும். போதகர் அவர்களே, அதை இன்னும் உங்களிடம் தரவில்லை.

வகுப்பு ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு தொடங்கும். விடுமுறைக்கு ஊருக்கு வருகிறவர்கள் வாருங்கள். படிப்பிக்கச் சொல்ல மாட்டோம், பின்வாங்கில் இடமிருக்கிறது.