10.39 மணிக்குப் பிறகு



கடற்போர் வரலாற்றில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று வாசகர் வட்டத்தார் கேட்டார்கள். 1941 மே மாதத்தில் அட்லாண்டிக் கடலில் நடந்த ஒரு வேட்டையைச் சொல்லப் போகிறேன். வேட்டையாடப்பட்டது ‘பிஸ்மார்க்’ என்னும் ஜெர்மன் போர்க்கப்பல்.

ஹாம்பர்க்கில் கட்டிய கப்பல் அது. 250 மீட்டர் நீளம். 38 சென்டிமீட்டர் விட்டமுள்ள குண்டுகளை வீசும் எட்டுப் பீரங்கிகள். பிரிட்டன் தின்ற கோதுமையில் பெரும்பகுதியும் எரித்த எண்ணெயும் கடல் வழியாகத்தான் வந்தன. அந்தச் சரக்குக் கப்பல்களை அழித்து ஒரு நாட்டையே பட்டினி போடுவதுதான் பிஸ்மார்க்குக்கு இட்ட வேலை. ஹிட்லர் நடத்தியது அநியாயப் போர். அந்தக் கப்பலைத் தடுத்தே ஆகவேண்டும் என்பதில் எனக்கு எள்ளளவும் ஐயமில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மே 24, விடியற்காலை. ஐஸ்லாந்துக்கும் கிரீன்லாந்துக்கும் இடையிலுள்ள டென்மார்க் நீரிணை. பிரிட்டிஷ் மக்கள் இருபது ஆண்டுகளாகப் பெருமையோடு போற்றிவந்த ‘ஹூட்’ போர்க்கப்பல் எதிரே வந்தது. பிஸ்மார்க்கின் குண்டு விழுந்தது. வெடிமருந்து அறை வெடித்தது. கப்பல் இரண்டாகப் பிளந்தது. சில நிமிடங்கள்தான், நண்பர்களே! அதில் இருந்தவர்கள் 1,418 பேர். பிழைத்தவர்கள் மூன்றே மூன்று பேர்!

அதே சண்டையில் ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற பிரிட்டிஷ் கப்பல் சுட்ட குண்டு பிஸ்மார்க்கையும் தாக்கியது. எண்ணெய் கசிந்தது, கடல்நீர் உள்ளே புகுந்தது. ஜெர்மன் அட்மிரல் லூட்யென்ஸ் பிரான்ஸின் துறைமுகத்தை நோக்கிக் கப்பலைத் திருப்பினார். ரேடாரால் பின்தொடர்ந்த பிரிட்டிஷ் குரூஸர்கள் 25-ஆம் தேதி அதிகாலையில் தடத்தைத் தவறவிட்டன. ஒரு நாளுக்கும் மேலாகக் கடலைச் சல்லடையாகச் சலித்தார்கள். 26-ஆம் தேதி காலை, வட அயர்லாந்திலிருந்து கிளம்பிய கேட்டலினா விமானம் அதைக் கண்டுபிடித்தது. இன்னும் ஒரு நாள் தாமதித்திருந்தால், பிரான்ஸிலிருந்த ஜெர்மன் விமானங்களின் பாதுகாப்புக்குள் கப்பல் போய்ச் சேர்ந்திருக்கும்.

ஜிப்ரால்டரிலிருந்து வந்த ‘ஆர்க் ராயல்’ விமானந்தாங்கிக் கப்பலிலிருந்து ‘சோர்ட்ஃபிஷ்’ விமானங்கள் புயலில் எழும்பின. துணி போர்த்திய இரட்டை இறக்கை விமானங்கள். முதல் முறை போனவர்கள் ‘ஷெஃபீல்டு’ என்ற தங்கள் சொந்தக் கப்பலையே பிஸ்மார்க் என்று எண்ணித் தாக்கிவிட்டார்கள். டார்பிடோக்களில் பல தண்ணீரைத் தொட்டதுமே வெடித்ததால் ஷெஃபீல்டு தப்பியது. காந்த வெடிப்பொறி சரியில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. அதை மாற்றிக்கொண்டு மாலையில் பதினைந்து விமானங்கள் மறுபடி போயின. ஒரு டார்பிடோ பிஸ்மார்க்கின் பின்புறத்தைத் தாக்கியது, சுக்கான் இறுகிப்போனது. இயந்திரம் ஓடுகிறது, பீரங்கிகள் முழங்குகின்றன, ஆனால் போக நினைத்த திசையில் போக முடியவில்லை!

மே 27 காலை ‘கிங் ஜார்ஜ் V’, ‘ரோட்னி’ என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் இரண்டும் சுற்றி வந்து சுட்டன. 10.39 மணிக்குப் பிஸ்மார்க் மூழ்கியது.

வெற்றியைப் பாடுகிறவர்கள் இந்த இடத்தில் கைதட்டி முடித்துவிடுவார்கள். நான் உங்களை அதற்கு அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் அழைத்துப் போக விரும்புகிறேன்.

எண்ணெய் படர்ந்த குளிர்ந்த கடலில் நூற்றுக்கணக்கானோர் மிதந்தார்கள். பெரும்பாலோர் இருபது வயதை ஒட்டிய பிள்ளைகள். கடைசி டார்பிடோக்களை எய்த ‘டார்செட்ஷயர்’ என்ற பிரிட்டிஷ் கப்பலே கயிறுகளை வீசியது. கைகளை இழந்த ஒரு ஜெர்மன் மாலுமிக்காக, இளம் பிரிட்டிஷ் அதிகாரி ஒருவர் கப்பலின் பக்கவாட்டில் இறங்கிப் போராடினார். சற்று முன்வரை எதிரி. இப்போது தண்ணீரில் தவிக்கும் ஒரு மனிதன். அந்த இளைஞருக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை.

அப்போது, நீர்மூழ்கி வந்திருக்கிறது என்று ஓர் ஐயம் எழுந்தது. தம் கப்பலிலுள்ள உயிர்களுக்குப் பொறுப்பான கேப்டன் இயந்திரத்தை முடுக்கச் சொன்னார். கயிற்றுக்குக் கை நீட்டியவர்கள் கடலிலேயே விடப்பட்டார்கள். 2,200 பேருக்கு மேல் இருந்த பிஸ்மார்க்கிலிருந்து உயிரோடு மீண்டவர்கள் சுமார் 115 பேர்தான்.

அந்த டார்செட்ஷயர் நம் பக்கத்துக் கடலுக்கே வந்தது. 1942 ஏப்ரல் 5, ஈஸ்டர் ஞாயிறு. காலையில் கொழும்பின் மீது குண்டு வீசிய ஜப்பானிய விமானப் படை, அன்று பிற்பகல் இலங்கைக்குத் தெற்கே டார்செட்ஷயரையும் ‘கார்ன்வால்’ கப்பலையும் மூழ்கடித்தது. 424 பேர் மாண்டார்கள். 1,122 பேர் மறுநாள் வரை கடலில் கிடந்து, பிறகு மீட்கப்பட்டார்கள். இதை ஊழ்வினை என்றோ பழி தீர்ந்தது என்றோ பேச எனக்கு மனமில்லை. எந்தக் கொடி பறந்த கப்பலாக இருந்தாலும், அது கவிழ்ந்த பின் தண்ணீரில் மிஞ்சுவது தாய் பெற்ற பிள்ளைதான். அந்த ஒன்றைத்தான் நான் சொல்ல வந்தேன்.

பிஸ்மார்க்கிலிருந்து தப்பிய அதிகாரிகளில் மூத்தவரான முல்லன்ஹைம்-ரெஹ்பெர்க், போருக்குப் பின் தம் நாட்டின் தூதராகப் பணியாற்றினார். தாம் கண்டதை நூலாகவும் எழுதினார். வென்றவர் எழுதியதோடு தோற்ற பக்கத்திலிருந்து பிழைத்தவர் எழுதியதையும் சேர்த்துப் படித்தால்தான் வரலாறு முழுமையாகும்.

மாணவர்களே! எந்தப் போரைப் படித்தாலும் யார் வென்றார், எந்த ஆண்டில் வென்றார் என்பதோடு புத்தகத்தை மூடிவிடாதீர்கள். அதன் பிறகு தண்ணீரில் கிடந்தவர்கள் யார், அவர்களுக்குக் கை கொடுத்தவர் யார் என்றும் கேளுங்கள். நியாயமான போர் என்று நாம் நம்பும் போரில், நாம் ஆதரிக்கும் பக்கத்திடமும் அந்தக் கேள்வியைக் கேளுங்கள். அப்படிக் கேட்டு வளரும் தலைமுறை, அடுத்த போருக்கு அவ்வளவு எளிதாகக் கைதட்டாது.